பொங்காத கிண்ணம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

இங்கே நானும் அப்பாவும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை சுகமாக இருக்கிறோம். உள்ளங்காலைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு, படிக்கப் படிக்கத் தெரியும். நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அதுதான் என் எண்ணமெல்லாம். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் நீ குறுக்கே பாய்ந்து தீர்ப்பு சொல்லிவிடுகிறாய், அப்பாவோ பக்கத்தில் நின்றுகொண்டு அதைச் சொல்லாதே இதைச் சொல்லாதே என்று கை காட்டுகிறார். காகிதத்தில் எழுதினால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு கேட்டுத்தான் ஆக வேண்டும்.

போன வாரம் அப்பாவின் இருமலைப் போனிலேயே கேட்டுவிட்டு நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "மாசக் கடைசியில லீவு போட்டுட்டு வர்றேன், அந்தத் தகர டப்பாவை யார் தலையிலயாவது கட்டிட்டு ரெண்டு பேரும் வீட்டுக்குக் கிளம்புற வழியைப் பாருங்க" என்று சொன்னாய். உன் மேல் எனக்குக் கோபமே இல்லை. குளிர்ந்த காற்று அவர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தான் கூட இருந்தாய். ஆனால் அதே டாக்டர் மாவுத் தூசி அதைவிட ஆகாது என்று சொன்னதையும் நினைத்துப் பார். வீடு என்று நீ சொல்வது எது? கீழே பேக்கரி, மேலே நாம். மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கட்டும் என்கிறாய், கதவைச் சாத்தலாம், உன் அப்பாவை எங்கே சாத்துவது? இப்போது பேக்கரியை நடத்துகிற உன் சித்தப்பா அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டதும் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று படி இறங்குவார், விடியும்போது புருவமெல்லாம் வெள்ளையாக மேலே வருவார். போன குளிர்காலத்தில் அப்படி எட்டிப் பார்த்துத்தானே ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்தார். அதனால்தான் சக்கரத்தின் மேல் வீடு மாதிரி இருக்கிற இந்த டிரெய்லரை வாங்கி, ஏரிக்கரை மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தி, நாலு மரத்துக்கு நடுவே குடித்தனம் செய்கிறோம். வந்த புதிதில் அவர் மாதக்கணக்கில் இருமவே இல்லை. குளிர் வந்ததும்தான் வினை வந்தது. ஆக இந்த டப்பாவுக்குள் சூடு சமமாக நின்றால் நாங்கள் இங்கே இருக்கலாம், நிற்காவிட்டால் திரும்ப அந்த மாவுத் தூசிக்குத்தான் போக வேண்டும். எனக்குப் பயம் இரண்டு பக்கமும் இருந்தது, அது உனக்குத் தெரிய வேண்டும்.

நீ ஒரே ஒரு தடவை, அதுவும் வெயில் நாளில் வந்து பார்த்தாய் என்பதால் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நடுவில் சமையல் மேடை, அதற்கு எதிரே துணி அலமாரி, அலமாரிக்கு அடியில் கேஸ் ஹீட்டர். அதிலிருந்து ஒரு குழாய் பின்பக்கம் எங்கள் கட்டிலுக்கு அடியில் போய்ச் சூடான காற்றை ஊதும். முன்பக்கம் மூக்கு மாதிரி நீண்டிருக்கும் இடத்தில் ஒரு மேசையும் இரண்டு பெஞ்சும், மேசையை மடக்கினால் அது ஒரு ஆள் படுக்கிற கட்டில். குளிர் தொடங்கியதும் என்ன ஆனது என்றால், நடுவில் நின்றால் வேர்த்து ஊற்றியது, கட்டிலுக்குப் போனால் பல் தந்தியடித்தது. அலமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவே நாலு எட்டுத்தான் இருக்கும், அதற்குள் இரண்டு ஊர். உன் அப்பா சும்மா இருப்பாரா? ஆயுள் முழுக்க அடுப்போடு மல்லுக்கட்டியவர் ஆயிற்றே. அடுப்பில் சூடு குறைகிறது என்றால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது, ஓட்டையை அடைத்தால் சூடு நிற்கும், இது அவர் கணக்கு. ஜன்னல் விளிம்பு, கதவு இடுக்கு எல்லாவற்றிலும் பஞ்சுப் பட்டை ஒட்டினார். கூரையில் இருக்கிற காற்றுத் திறப்பை இறுக்கி மூடினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அலமாரிக் கதவின் கீழே ஒரு கம்பி வலை இருக்கிறது, அதன் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்திருக்கிறார், காற்று உள்ளே இழுபட்டுக்கொண்டு போகிறது. ஆகா, திருடன் அகப்பட்டான், சூடெல்லாம் இது வழியாகத்தான் ஓடுகிறது என்று பழைய மாவுச் சாக்குத் துணியை மடித்து மடித்து அந்த வலைக்குள் திணித்துவிட்டார். திணித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டவும் செய்தார், நானும் பெருமையாகத் தலையாட்டினேன். என்னையும் சேர்த்துத்தான் நீ திட்ட வேண்டும்.

அதற்குப் பிறகு ஹீட்டர் கொஞ்ச நேரம் உறுமும், பிறகு தானாக நின்றுவிடும், மறுபடி உறுமும், மறுபடி நிற்கும். பின்சுவரில் தண்ணீர் வழிய ஆரம்பித்தது, தலையணை உறை ஈரம், மெத்தைக்கு அடியில் கையை விட்டால் சொதசொத என்றிருந்தது. அவருக்கு இருமல் வந்தது. நீ போன் செய்தது அந்த நேரத்தில்தான். நீ வாங்கி அனுப்பிய நச்சுப்புகை அலாரம் அப்போதும் வாய் திறக்கவில்லை, இப்போதும் திறக்கவில்லை, தினமும் பொத்தானை அழுத்திச் சோதித்துப் பார்க்கிறேன், நீ பதறாதே.

பக்கத்து டிரெய்லரில் ஒரு அம்மாள் இருக்கிறாள். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள், வண்டி நின்றால் தானே அடியில் படுத்துப் பழுது பார்த்தவளாம். அவளுக்கு இங்கே பெயர் ஹாரன் அக்கா. என்னைவிட வயதில் சின்னவள்தான், ஆனாலும் குரலுக்கு மரியாதை கொடுத்து எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுகிறோம். நீ போன் வைத்த மறுநாள் காலை நான் ஈரத் தலையணைகளைக் கொடியில் போடுவதைப் பார்த்துவிட்டு என்ன ஏது என்று உள்ளே வந்தாள். வந்தவள் குனிந்து அந்த வலையைப் பார்த்தாள், மாவுச் சாக்கைப் பார்த்தாள், அப்புறம் சிரித்தாள் பார், ஏரியில் இருந்த வாத்தெல்லாம் பறந்தன. "அண்ணே, இது அது மூச்சு இழுக்குற வழி. உள்ள இருக்குற ஆறின காத்தை இழுத்துத்தான் அது சூடாக்கி ஊதும். மூக்கைப் பொத்திட்டு ஊதச் சொன்னா எப்படி ஊதும்? மூச்சு முட்டி நிக்குது பாவம்" என்றாள். நானும் சிரித்தேன். உன் அப்பா சிரிக்கவில்லை. மண்டியிட்டு அந்தச் சாக்கை ஒவ்வொரு மடிப்பாக உருவினார். மூச்சு இழுக்க முடியாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? சாக்கை எடுத்து முடித்ததும் அந்த வலை மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார், என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

அடைப்பை எடுத்ததும் ஹீட்டர் ஒழுங்காக ஓடியது, ஆனாலும் கட்டில் பக்கம் முழுசாகத் தேறவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னோம். இங்கே சூடாக இருக்கிறது என்பார், இல்லை அங்கேதான் என்பேன். எங்கள் இரண்டு பேர் உடம்பையும் நம்பிப் பிரயோஜனமில்லை. கடைசியில் அப்பாதான் சொன்னார், "மாவு பொய் சொல்லாது" என்று. பேக்கரியில் மாவைப் பொங்க வைக்கப் புதிதாக ஒரு அலமாரி வந்தால் அதில் எந்தத் தட்டில் சூடு, எந்தத் தட்டில் மந்தம் என்று பார்க்க மூலைக்கு ஒரு உருண்டை மாவு வைத்துப் பார்ப்பார்களாம், எது எவ்வளவு பொங்குகிறதோ அவ்வளவு சூடு. எல்லாம் சரி, மாவை யார் பிசைவது? அவர் அந்தப் பக்கமே போகக் கூடாதே. அதனால் ஹாரன் அக்கா டிரெய்லரில் நான் பிசைந்தேன், இவர் வெளியே மப்ளரைச் சுற்றிக்கொண்டு மூடிய ஜன்னல் வழியாகச் சைகையில் ஆணை போட்டார். உனக்குத்தான் தெரியுமே, கல்யாணமான நாளிலிருந்து என்னை மாவைத் தொட விட்டதில்லை. "உன் கை சூட்டுக் கை, மாவு அவசரப்பட்டுடும்" என்பார். இப்போது வேறு வழியில்லாமல் ஜன்னலுக்கு வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா என்னைப் பார்த்து, "இவரு பஸ்ல வந்திருந்தா பாதி வழியில இறக்கி விட்டிருப்பேன்" என்றாள்.

ஈர மாவை மூடி எடுத்துவந்து இருக்கிற கிண்ணம், டம்ளர், சோப்புப் பெட்டி மூடி எல்லாவற்றிலும் ஒரே அளவு உருட்டிப் போட்டு இடத்துக்கு ஒன்றாக வைத்தோம். சமையல் மேடையில் ஒன்று, அலமாரி பக்கத்தில் ஒன்று, கட்டிலில் அவர் படுக்கிற பக்கம் ஒன்று, சுவரோரம் நான் படுக்கிற பக்கம் ஒன்று, கட்டிலுக்கு அடியில் ஒன்று, முன்பக்க மேசையில் ஒன்று. பிறகு இரண்டு பேரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளைகள் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேடையில் இருந்தது கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. அவர் பக்கத்தில் இருந்தது சுமாராக எழும்பியது. என் தலைமாட்டுக் கிண்ணம் வைத்தது வைத்தபடி கல்லாகக் கிடந்தது. அவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன், இத்தனை வாரமும் "எனக்கு இதமாத்தான் இருக்கு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். குளிர்கிறது என்று சொன்னால் கிளம்பலாம் என்பார், கிளம்பினால் எங்கே போவார் என்று எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துப் பார்த்தார். "சூட்டுக் கைக்காரி கை இப்படியா இருக்கு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கேட்டிருப்பேன், ஏனென்றால் நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து அவர் தன் கம்பளியையும் என் மேல் போட்டுவிட்டு "எனக்குப் புழுக்கமா இருக்கு" என்று காலையில் காதில் பூ சுற்றியது எனக்குத் தெரியாதா என்ன?

அடுத்தது கட்டிலுக்கு அடியில் வைத்த கிண்ணம். குழாய் வாய்க்குப் பக்கத்திலேயே வைத்தது, அது பொங்கி வழிந்திருக்க வேண்டும், கொஞ்சமும் அசையவில்லை. குழாய்க்கு என்ன கேடு என்று அக்கா கட்டில் பலகையைத் தூக்கிவிட்டு டார்ச் அடித்தாள். அங்கே ஒரு மரப்பெட்டி, வளைகிற குழாய் மேல் நச்சென்று உட்கார்ந்து அதைச் சப்பையாக நசுக்கி வைத்திருந்தது. நான் கேட்டேன், இது யாருடையது, நான் வைக்கவில்லையே என்று. உன் அப்பா அப்போதுதான் ஏரியின் அழகைப் பார்க்க ஆரம்பித்தார். பெட்டியை இழுத்துத் திறந்தால் ரொட்டி அச்சுகள். கறுத்துப்போன அந்தக் கனத்த தகர அச்சுகள், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எண்ணெய்த் துணி சுற்றி. வீட்டிலிருந்து கிளம்பும்போது எனக்குத் தெரியாமல் ஏற்றியிருக்கிறார். தம்பி, எனக்குக் கோபம் வந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் வரவில்லை. அவர் இங்கே மரங்களைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார் என்று நினைத்திருந்தேன், மனதில் பாதி அந்தப் பெட்டிக்குள் இருந்திருக்கிறது. திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு மூலையில் எண்ணிக்கொண்டேதான் இருந்திருக்கிறார். சாக்கைத் திணித்து மூச்சை அடைத்ததும் அவர், பெட்டியை வைத்துக் குழாயை நசுக்கியதும் அவர். அக்கா கூட அப்போது ஹாரன் அடிக்கவில்லை, டீ போடுகிறேன் என்று நைசாக நழுவிவிட்டாள். நான் பெட்டியை மூடிவிட்டு, "சித்தப்பாவுக்கு அனுப்பவா, இல்ல நமக்கு வேணுமா, நீங்களே சொல்லுங்க" என்றேன். பெட்டி மூடியை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, "அவன்கிட்ட இருக்குறதே போதும். இதை அக்காவுக்குக் கொடு, செடி வைக்கட்டும்" என்றார். நீ இதை இரண்டு தடவை படி. அந்த அச்சில் யாரும் விரல் வைத்தாலே எரிந்து விழுந்தவர், அடியில் ஓட்டை போட்டு மண் கொட்டச் சொல்கிறார். இப்போது அக்காவின் வாசற்படி நெடுக அவை வரிசையாக இருக்கின்றன, எல்லாவற்றிலும் வெங்காயம் ஊன்றியிருக்கிறாள்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. நசுங்கின குழாயை எடுத்துவிட்டுப் புதுத் துண்டு போட்டாள் அக்கா, இனி அதன் மேல் ஒரு துணி கூட வைக்கக் கூடாது என்று கட்டளை. வேண்டிய சூடு வந்ததும் ஹீட்டரை நிறுத்துகிற அந்தச் சின்னப் பெட்டி இருக்கிறதே, தெர்மோஸ்டாட், அது என் சமையல் அடுப்புக்கு நேர் மேலே இருந்திருக்கிறது. நான் ராத்திரிக்கு சூப் கொதிக்க வைப்பேன், அது ஆவியில் வேர்த்துப்போய் வீடே சூடாகிவிட்டது என்று ஹீட்டரை நிறுத்திவிடும், நாங்கள் பின்னால் நடுங்குவோம். என் சூப் செய்த வேலையைப் பார். அதைக் கழற்றிக் கட்டில் பக்கச் சுவரில் வைத்தாயிற்று. நடுவில் சூடான காற்று வெளியே வருகிற ஊதுவாயைப் பாதி மூடிவைத்தோம், அதனால் காற்று கடைசிவரை போகிறது. ஜன்னல்களுக்கு வெள்ளிக் காகிதம் ஒட்டின மெத்தென்ற அட்டை, மெத்தைக்கு அடியில் காற்றுப் போக ஒரு வலைப் பாய். கூரைத் திறப்பை இரண்டு விரல் அகலத்துக்கு எப்போதும் திறந்தே வைக்கிறோம், அப்போதுதான் எங்கள் மூச்சு ஈரம் வெளியே போகும், சுவர் வேர்க்காது. சூட்டை உள்ளே வைக்கத் திறந்து வைக்க வேண்டும் என்பதை உன் அப்பாவால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை, போகும்போதும் வரும்போதும் அதை முறைக்கிறார், ஆனால் தொடுவதில்லை.

மறுபடி மாவு வைத்தோம். இந்தத் தடவை என் தலைமாட்டுக் கிண்ணமும் அவர் கிண்ணமும் ஒரே உயரம். அவர் சாண் வைத்து அளந்தார், பிறகு என் மாவுதான் ஒரு மயிரிழை கூட என்று பெரிய மனது பண்ணி ஒத்துக்கொண்டார். அன்றைக்கே உறைபனி கொட்டியது, காலையில் ஏரி ஓரமெல்லாம் கண்ணாடி. அவர் இருமாமல் தூங்கினார். ஒரு தடவை கூட இருமவில்லை. நான்தான் இருமல் வரும் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு விழித்துக் கிடந்தேன். அப்போது ஒன்று தோன்றியது, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். நீ சின்னவனாக இருந்தபோது அப்பா ராத்திரி எங்கே போகிறார் என்று கேட்பாய், ஊருக்கு ரொட்டி வேண்டாமா என்பேன். நாம் தூங்கப் போகும்போது அவர் படி இறங்குவார், நாம் எழுந்திருக்கும்போது அவர் படுப்பார். அவர் ராத்திரி எப்படித் தூங்குவார், எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார் என்றே எனக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஓடிவிட்டது. இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். இடது பக்கம் திரும்பித்தான் படுப்பார், தூக்கத்தில் மாவு பிசைகிற மாதிரி விரலை அசைப்பார். இதை விட்டுவிட்டுக் கிளம்பி வா என்கிறாயே, நான் எப்படிடா வருவேன்?

உனக்கும் இப்போது ராத்திரி வேலை. விமானம் இறங்குகிற நேரத்துக்கெல்லாம் நீ போய் நிற்க வேண்டும், வேலை அப்படி, நான் குறை சொல்லவில்லை. ஆனால் மருமகள் போனில் "நான் நல்லாத்தான் இருக்கேன் அத்தை" என்று சொல்கிற தொனி எனக்குப் பழக்கமான தொனி. அவள் பக்கத்துக் கிண்ணத்தைக் கொஞ்சம் எட்டிப் பார். பகல் வேலை கேட்டால் கொடுப்பார்கள் என்று நீயே ஒரு தடவை சொன்னாய், கேட்டுப் பார்ப்பதில் என்ன போகப் போகிறது? அவள் என்னிடம் ஒன்றுமே சொல்லவில்லை, அதனால் அவளிடம் போய் வாய்ச்சண்டை போடாதே.

மாசக் கடைசியில் நீ லீவு போட்டாயா? போட்டிருந்தால் அதை ரத்து செய்யாதே. எங்களை அழைத்துப் போக வராதே, எங்களோடு இருக்க வா, அவளையும் கூட்டிக்கொண்டு வா. மருமகளுக்கு அக்கா தன் டிரெய்லரில் இடம் வைத்திருக்கிறாள், நாங்கள் சண்டை போடாமல் எங்கள் கட்டிலைக் கூடக் கொடுப்போம். முன்பக்க மேசையில் வைத்த கிண்ணத்தைப் பற்றி நான் ஒன்றும் எழுதவில்லையே, கவனித்தாயா? அது இரண்டாவது தடவையும் பொங்கவில்லை. அந்தப் பக்கம் குழாயே கிடையாது. யாரும் படுக்கிறதில்லையே, போகட்டும் விடுங்கள் என்று நான் கிண்ணத்தைக் கழுவப் போனேன். அப்பா அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "அது நம்ம பையன் படுக்குற இடம்" என்றார். மறுநாள் அக்காவிடம் மிச்சக் குழாய்த் துண்டை வாங்கிக்கொண்டு, நான் எவ்வளவு சொல்லியும் கேட்காமல், மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் ஓட்டை போட்டு உன் கால்மாட்டுக்கு ஒரு ஊதுவாய் வைத்திருக்கிறார்.

என் ஆசி எப்போதும் உங்கள் இரண்டு பேருக்கும் உண்டு, பசி பார்த்துச் சாப்பிட்டு, நேரம் பார்த்துத் தூங்கி, ஒருத்தருக்கொருத்தர் துணையாக நிறைவாக இருங்கள். வரும்போது ஒரு தலையணை கொண்டு வா, இங்கே இரண்டுதான் இருக்கிறது. அப்பாவின் மூச்சு மருந்துக் குப்பி காலியாகப் போகிறது, அங்கே வாங்கிக் கொண்டு வா. சித்தப்பாவிடம் அச்சுகளைப் பற்றி வாயைத் திறக்காதே. ஊதுவாய் வைத்த பிறகு உன் இடத்தில் மட்டும் நாங்கள் இன்னும் மாவு வைத்துப் பார்க்கவில்லை, அப்பா வேண்டாம் என்கிறார், நீயே வந்து படுத்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். குளிர்ந்தால் குளிர்கிறது என்று சொல். இந்தக் குடும்பத்தில் அதை வாய்விட்டுச் சொல்கிற முதல் ஆள் நீயாக இரு.

உன் வரவுக்கு மேசையை மடக்கி வைத்திருக்கும்,
அம்மா

(அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார், கையெழுத்துப் போடச் சொன்னால் எதற்கு, வரத்தானே போகிறான் என்கிறார்.)